அலகிடும் கருவியும் அதன் காதுக்கு எட்டாத இயைபும்

ஆங்கிலக் காதல் சானெட்டுகளை, அதாவது பொதுவாகப் பதினான்கு அடிகளில் அமையும் கவிதைகளை, அலகிட்டுத் தரும் இணையக் கருவி ஒன்றை ஒரு மாத காலமாகப் பயன்படுத்தி வருகிறேன். பதினான்கு அடிகளையும் படியெடுத்து அதற்குரிய கட்டத்தில் ஒட்டிவிட்டால் போதும். அது அசைகளைப் பிரித்து, அழுத்தம் பெறும் அசையின் தலையில் சாய்கோடும் பெறாத அசையின் தலையில் பிறைவளைவும் இட்டு, அடிக்கு இத்தனை அசை, இத்தனை சீர் என்று வலப்பக்கத்தில் எழுதி, அதற்கும் அப்பால், அடியிறுதி ஒலிகள் ஒன்றும் இயைபுக்குரிய எழுத்துகளை நிரல்படுத்திக் காட்டுகிறது. கருவியின் பெயரை இங்கே குறிப்பிடப்போவதில்லை. குறைகளைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பது ஒரு காரணம். அவற்றுள் பெரும்பாலானவை இந்த ஒரு கருவிக்கு மட்டும் உரியவை அல்ல, உச்சரிப்பு அகராதியை நம்பிக் கவிதையை அளக்கும் எந்தக் கருவிக்கும் நேரக்கூடியவை என்பது மற்றொரு காரணம்.

இத்தகைய கருவிக்கு அகராதி எதற்கு என்ற கேள்வி தமிழ் யாப்பு பயின்றவருக்கு இயல்பாகவே எழும். நம் யாப்பில் குறிலும் நெடிலும் ஒற்றும் எழுத்திலேயே வெளிப்படையாகக் கிடக்கின்றன. ‘தேமா’ என்று எழுதிய உடனேயே அது நேர் நேர் என்று தெரிந்துவிடுகிறது. பொருள் தெரியாதவரும் அலகிடலாம், கணினியும் அலகிடலாம், தளை தட்டும் இடத்தையும் கண்டுபிடித்துவிடலாம். ஆங்கிலத்தின் நிலை அதுவன்று. அங்கே யாப்பைத் தாங்குவது அழுத்தம். அந்த அழுத்தத்துக்கு எழுத்தில் அடையாளமே இல்லை. ‘ப்ரெசென்ட்’ என்ற ஒரே எழுத்துக்கோவை பெயர்ச்சொல்லாக வரும்போது முதல் அசையிலும், வினைச்சொல்லாக வரும்போது இரண்டாம் அசையிலும் அழுத்தம் பெறுகிறது. ஆகவே சொல்லின் அழுத்தத்தை வேறெங்கிருந்தாவது கடன் வாங்கித்தான் ஆகவேண்டும். இந்தக் கருவி கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் உச்சரிப்பு அகராதியிலிருந்து வாங்குவதாக அதன் உதவிப் பக்கம் சொல்கிறது. ஏறத்தாழ 1,34,000 சொற்களுக்கு ஒலிப்பையும், 0, 1, 2 என மூன்று நிலைகளில் அழுத்தத்தையும் குறித்துவைத்திருக்கும் அகராதி அது. அதில் பதிவாகியிருப்பது இக்கால அமெரிக்க ஆங்கில உச்சரிப்பு. கருவியின் வெற்றி தோல்வி இரண்டுக்கும் வேர் இந்த ஒரு செய்தியில்தான் இருக்கிறது.

முதற்சோதனைக்கு யாவரும் அறிந்த ஷேக்ஸ்பியரின் 18ஆம் சானெட்டையே எடுத்துக்கொண்டேன். முதல் அடியைக் கருவி ‘ஷால் ஐ | கம்பேர் | தீ டு | எ சம் | மர்ஸ் டே’ என்று ஐந்து சீராகப் பிரித்து, ஒவ்வொரு சீரிலும் இரண்டாம் அசைக்கு அழுத்தம் கொடுத்தது. நம் கணக்கில் ஐந்து சீர் கொண்டது நெடிலடி. ‘சம்மர்ஸ்’ என்ற சொல் இரண்டாகப் பிளந்து அடுத்தடுத்த சீர்களில் விழுவது வகையுளி. அழுத்தம் நமக்குப் புதியதென்றாலும், இந்தப் பழைய பெயர்கள் அங்கேயும் ஓரளவு பொருந்திப்போவதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு. ‘கம்பேர்’, ‘சம்மர்ஸ்’ ஆகிய இரு சொற்களின் அழுத்தம் ஐயத்துக்கு இடமற்றது. அவ்விரண்டையும் முளைகளாக அடித்து, இடையில் உள்ள ஓரசைச் சொற்களை ஏற்ற இறக்கமாகக் கருவி கட்டிவிடுகிறது. ‘டு’ என்ற சிறு இடைச்சொல்லுக்கு அழுத்தக்குறி விழுவது முதலில் வியப்பைத் தரலாம். ஆனால் இருபுறமும் ‘தீ’, ‘எ’ என்ற மெலிந்த அசைகளே நிற்பதால், யாப்பின் ஓட்டம் அந்த இடத்தில் சற்றே மேலேறுவது உண்மைதான். இதைக் கருவி சரியாகவே கணிக்கிறது.

இரண்டாம் அடியிலேயே இடறல் தொடங்கிவிடுகிறது. ‘தௌ ஆர்ட் மோர் லவ்லி அண்ட் மோர் டெம்பரேட்’ என்ற அடிக்கு ஒன்பது அசை என்று எழுதி, ஓரசை குறைவதாகச் சிவப்பு நிறத்தில் எச்சரித்தது. இன்றைய பேச்சில் கடைசிச் சொல் ‘டெம்ப்ரிட்’ என்று இரண்டு அசையாகச் சுருங்கிவிட்டது; கவிஞனுக்கு அது மூன்றசைச் சொல். அந்த மூன்றாம் அசைக்குச் சிறிது எடை கொடுத்துப் படித்தால்தான் அடியும் நிரம்பும், நான்காம் அடியின் ஈற்றில் வரும் ‘டேட்’ என்பதோடு இயைபும் கிட்டும். கருவியோ அசையையும் தொலைத்து, அதனால் இயைபையும் தொலைத்து, முதல் நான்கு அடிகளுக்கு ‘அ ஆ அ ஆ’ என்று எழுதவேண்டிய இடத்தில் ‘அ ஆ அ இ’ என்று எழுதியது. பத்தாம், பன்னிரண்டாம் அடிகளின் ஈற்றில் வரும் ‘ஓஸ்ட்’, ‘க்ரோஸ்ட்’ என்ற பழைய வினைமுற்றுகள் அகராதியில் இல்லை. அவற்றின் மேல் கேள்விக்குறி மட்டும் விழுந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொன்னதற்காக அந்தக் கேள்விக்குறியை நான் மதிக்கிறேன். தவறாகத் தெரிந்துவைத்திருக்கும் சொற்களின் மேல் அது விழுவதில்லை என்பதே என் மனக்குறை.

அசைகளின் எண்ணிக்கையில் நேரும் இவ்வகைப் பிழைக்கு இன்னும் தெளிவான சான்று 116ஆம் சானெட்டின் ஐந்தாம் அடி. ‘ஓ நோ, இட் இஸ் அன் எவர்-ஃபிக்ஸெட் மார்க்’ என்பதில் ‘ஃபிக்ஸ்ட்’ என்று ஓரசையாக ஒலித்தால் அடி ஒன்பது அசையில் நின்றுவிடும். ‘ஃபிக்ஸெட்’ என்று இரண்டசையாக ஒலித்தால் பத்து நிறையும். செய்யுளில் ஓசை குன்றும் இடத்தை நிறைக்க வரும் இசைநிறை அளபெடை நமக்கு நினைவுக்கு வரும். இரண்டும் ஒன்றல்ல, ஏனெனில் அங்கே அந்த ஈற்றசை அக்காலத்தில் உயிரோடிருந்த ஒலிப்பு. கவிஞர்கள் இரு வடிவங்களையும் தேவைக்கேற்பக் கையாண்டார்கள். இக்காலப் பதிப்பாசிரியர்கள் அந்த உயிரெழுத்தின் மேல் ஒரு குறி இட்டு வாசகருக்கு உதவுவதுண்டு. அந்தக் குறியோடு ஒட்டியபோது கருவி சொல்லையே அடையாளம் காணவில்லை. குறியை நீக்கி ஒட்டியபோது ஓரசையாகக் கணக்கிட்டது. ஆக, இரண்டு வழிகளிலும் அடி குறைந்துபோனது. அடி குறைகிறதென்றால் அந்த ஈற்றை நீட்டி ஒருமுறை முயன்றுபார்க்க வேண்டும் என்ற எளிய விதியைக்கூட நிரலில் சேர்க்காதது சோம்பல் என்றே சொல்வேன்.

இனி, இதே 116ஆம் சானெட்டின் முதலடி. ஓர் அலகிடும் கருவியை எடைபோட இதைவிட நல்ல அடி எனக்குத் தெரியவில்லை. ‘லெட் மீ நாட் டு த மேரிஜ் ஆஃப் ட்ரூ மைண்ட்ஸ்’ என்பதில் பத்து அசைகள். ஓரசைக்கு மேற்பட்ட சொல் ‘மேரிஜ்’ ஒன்றுதான். அதன் முதல் அசை ஆறாம் இடத்தில், அழுத்தம் விழவேண்டிய இரட்டைப்படை இடத்திலேயே அமைந்திருக்கிறது. மற்ற எட்டுச் சொற்களும் எப்படி வேண்டுமானாலும் வளைந்துகொடுக்கும் ஓரசைச் சொற்கள். கருவி வழக்கம்போல் ‘லெட் மீ | நாட் டு | த மே | ரிஜ் ஆஃப் | ட்ரூ மைண்ட்ஸ்’ என்று பிரித்து, ‘மீ’, ‘டு’, ‘மே’, ‘ஆஃப்’, ‘மைண்ட்ஸ்’ ஆகிய ஐந்துக்கும் சாய்கோடு போட்டு, ‘முழு ஒழுங்கு’ என்று பச்சை நிறத்தில் பாராட்டியது.

அந்தப் பச்சையை நம்பி யாராவது இந்த அடியை வாய்விட்டுப் படித்தால் கேட்பவர் திகைத்துப்போவார். ‘டு’, ‘ஆஃப்’ என்ற இடைச்சொற்களை ஓங்கி ஒலித்து, மறுப்பைத் தாங்கும் ‘நாட்’ என்பதையும் பொருளின் உயிரான ‘ட்ரூ’ என்பதையும் விழுங்கிவிட்டால் அங்கே கவிதை எங்கே? இயல்பாகப் படிப்பவர் ‘லெட்’, ‘நாட்’, ‘மே’ ஆகிய இடங்களில் ஊன்றி, கடைசியில் ‘ட்ரூ மைண்ட்ஸ்’ என்ற இரண்டையும் அடுத்தடுத்து நிறுத்தி ஒலிப்பார். வேறொருவர் ‘மீ’ என்பதில் ஊன்றி, ‘மற்றவர் எதையும் சொல்லட்டும், நான் அப்படிச் சொல்லமாட்டேன்’ என்ற தொனியைக் கொண்டுவரலாம். அதுவும் தவறாகாது, யாப்பு அதற்கு இடம் தருகிறது. காதலின் உறுதியை வாதிடப்போகும் ஒருவர் தன் முதல் வாக்கியத்தில் எதில் ஊன்றுகிறார் என்பது அலகிடுபவர் எடுக்கவேண்டிய முடிவு. எந்த அகராதியும் அந்த முடிவை அவருக்காக எடுக்க முடியாது.

கருவியின் உள்ளமைப்பு இங்கே தடையாக இருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. அகராதி மூன்று நிலை அழுத்தத்தைக் கொடுத்தாலும், திரையில் கருவி காட்டுவது உண்டு, இல்லை என்ற இரண்டே நிலைகள். டென்மார்க் மொழியியலர் ஓட்டோ யெஸ்பெர்சன் 1900ஆம் ஆண்டிலேயே, யாப்பில் வேண்டியது தனி அசையின் அழுத்தம் அன்று, அடுத்திருக்கும் அசையோடு ஒப்பிடும்போது அது எழுகிறதா தாழ்கிறதா என்பதே என்று விளக்கி, நான்கு நிலைகளைப் பயன்படுத்தினார். அந்த நான்கையும் கொண்டு நம் அடியின் கடைசி நான்கு அசைகளைக் குறித்துப் பார்த்தால் ‘ரிஜ்’ ஒன்று, ‘ஆஃப்’ இரண்டு, ‘ட்ரூ’ மூன்று, ‘மைண்ட்ஸ்’ நான்கு என்று படிப்படியாக ஏறும் ஓர் ஏணி கிடைக்கிறது. ஒவ்வொரு சீரிலும் இரண்டாம் அசை முதலசையைவிட உயர்ந்தே நிற்பதால் யாப்பு முறியவில்லை; அதே வேளையில் ‘ட்ரூ’ என்பது தன் எடையை இழக்கவும் இல்லை. இந்த ஏணியைத் திரையில் பார்க்கும் வசதி மட்டும் இருந்திருந்தால் இந்த மதிப்புரையின் தொனியே மாறியிருக்கும்.

பதினோராம் அசை குறித்தும் கருவிக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. அழுத்தம் பெற்ற பத்தாம் அசைக்குப் பின் மெலிந்த ஓரசை கூடுதலாகத் தொங்கி நிற்பது சானெட்டில் அனுமதிக்கப்பட்ட வழக்கு. 116ஆம் சானெட்டில் ‘ஷேக்கன்’, ‘டேக்கன்’ என்று முடியும் இரண்டு அடிகள் அவ்வாறே அமைந்தவை. 20ஆம் சானெட்டில் பதினான்கு அடிகளும் அப்படித்தான். 87ஆம் சானெட்டில் இரண்டாம், நான்காம் அடிகள் நீங்கலாகப் பன்னிரண்டு அடிகள். ‘ஃபேர்வெல், தௌ ஆர்ட் டூ டியர் ஃபார் மை பொஸெஸிங்’ என்று தொடங்கும் அந்தக் கவிதை காதலரை விட்டுக்கொடுத்து விடைபெறுவது. அவற்றுள் பத்து அடிகளின் முடிவில் ‘இங்’, ‘இங்’ என்று ஓர் அசை பிடி தளர்ந்து நழுவிக்கொண்டே போகிறது. அதைப் படித்து முடித்தவர், விடைபெறுதலின் சோர்வு அந்த ஈற்றசைகளில்தான் தங்கியிருக்கிறது என்று உணர்வார். கருவி அந்தப் பன்னிரண்டு அடிகளுக்கும் ‘மிகை: 1’ என்று சிவப்பில் எழுதியது. பிழையாக எண்ணவில்லை, எண்ணிக்கை சரிதான். ஆனால் ஒரு கவிதையின் பதினான்கு அடிகளில் பன்னிரண்டு ஒரே மாதிரி ‘பிழை’ செய்தால், அது பிழையாக இருக்க வாய்ப்பில்லை என்று சந்தேகிக்கும் அறிவு ஒரு மதிப்பீட்டுக் கருவிக்கு வேண்டாமா? ஒரு விதத்தில், இதைக் கண்டுகொள்ள உதவியதும் அந்தச் சிவப்பு நிறம்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். முன்பு பலமுறை படித்திருந்தும், விதிவிலக்கான அந்த இரண்டு அடிகளை நான் கவனித்ததில்லை. திரையில் பன்னிரண்டு சிவப்புகளுக்கு நடுவே இரண்டு பச்சைகள் நின்றபோதுதான் கவனித்தேன்.

இயைபுப் பகுதிக்கு வருவோம். கருவியின் விதி எளிமையானது: அடியின் கடைசி அழுத்த உயிரிலிருந்து இறுதி வரை ஒலிகள் ஒன்றியிருந்தால் இயைபு, இல்லையேல் இல்லை. விதியில் குற்றமில்லை, எந்தக் காலத்து ஒலி என்பதில்தான் குற்றம். 116ஆம் சானெட்டின் ஏழு இயைபு இணைகளில் ‘லவ், ரிமூவ்’, ‘கம், டூம்’, ‘ப்ரூவ்ட், லவ்ட்’ ஆகிய மூன்றை இது இயைபற்றவை என்று ஒதுக்கியது. 1609ஆம் ஆண்டு லண்டனில் தாமஸ் தார்ப் வெளியிட்ட அந்த 154 சானெட்டுகளின் தொகுப்பில் ‘லவ்’ என்ற சொல்லை ‘ப்ரூவ்’, ‘மூவ்’ வகைச் சொற்களோடு இயைக்கும் இடங்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன. காதல் சானெட்டில் ‘லவ்’ என்ற சொல் அடியின் ஈற்றுக்கு வராமல் இருக்குமா? மூல உச்சரிப்பை மீட்டெடுப்பதில் பல ஆண்டுகள் உழைத்த டேவிட் கிரிஸ்டல், இந்தச் சானெட்டுகளில் மூன்றில் இரண்டு பங்கில் இன்றைய உச்சரிப்புக்கு ஒத்துவராத இயைபு உண்டு என்றும், அக்கால ஒலிப்பில் படித்தால் அவற்றில் பல சீராகிவிடும் என்றும் காட்டியிருக்கிறார். அவ்வொலிப்பில் ‘ப்ரூவ்’ என்பதும் ‘லவ்’ போலவே குறுகிய உயிரோடு ஒலிக்கும். அத்தகைய தொகுப்பின் மேல் இக்கால அமெரிக்க உச்சரிப்பை வைத்து அளந்து, ஷேக்ஸ்பியர் 116ஆம் சானெட்டில் ஏழுக்கு நான்கு மதிப்பெண் பெற்றார் என்று எழுதுவது நகைப்புக்குரியது. கருவி உண்மையிலேயே மதிப்பெண் போடுகிறது.

காலம் மாற்றிவிட்ட இயைபையும், கவிஞரே அறிந்து தளர்த்திய இயைபையும் கருவி பிரித்தறிவதில்லை என்பதற்கு ஆங்கிலக் கவிஞர் எலிசபெத் பாரெட் பிரௌனிங்கின் 43ஆம் சானெட் நல்ல சான்று. 1850ஆம் ஆண்டு வெளிவந்த அது, ‘ஹௌ டு ஐ லவ் தீ? லெட் மீ கௌண்ட் த வேய்ஸ்’ என்று தொடங்குவது. இத்தாலிய முறைப்படி முதல் எட்டடியும் இரண்டே இயைபில் நடந்து, பின் ஆறடியில் வேறு இரண்டு மாறி மாறி வருகின்றன. அதில் ‘ஃபெய்த்’ என்பது ‘ப்ரெத்’, ‘டெத்’ என்பவற்றோடு நிற்கிறது. உயிர் முழுதாக ஒன்றவில்லை. ஆனால் மெய் ஒன்றுகிறது. நெருங்கி வந்து தொடாமல் நிற்கும் அந்த இயைபையும், ‘லவ், ரிமூவ்’ என்பதையும் கருவி ஒரே கூடையில் போட்டுவிட்டது. அதே கவிதையில் வேடிக்கை ஒன்றும் நடந்தது. ஒன்பதாம் அடி ஈற்றில் வரும் ‘யூஸ்’ அங்கே பெயர்ச்சொல். அதன் கடைசி மெய் ஒலிப்பற்றது. ‘லூஸ்’, ‘சூஸ்’ என்பவற்றின் கடைசி மெய்யோ ஒலிப்புடையது. தமிழெழுத்தில் இந்த வேறுபாட்டைக் காட்ட வழியில்லை. கருவி அதை வினைச்சொல்லாக எண்ணி ஒலித்து, மூன்றும் முழு இயைபு என்று அறிவித்தது. தவறான வழியில் நடந்து கவிஞர் விரும்பிய ஊருக்கே வந்து சேர்ந்ததால் நான் முறையிடவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எட்டசை அடிகளால் ஆன ஷேக்ஸ்பியரின் 145ஆம் சானெட்டை நான்கு சீர் கொண்டது என்று சரியாகச் சொன்னது. அதில் வரும் ‘ஹேட் அவே’ என்ற தொடரில் கவிஞரின் மனைவி ஆன் ஹாத்தவேயின் பெயர் ஒளிந்திருப்பதாக ஆய்வாளர் சிலர் கருதுவதைக் கருவியிடம் எதிர்பார்க்க முடியாது. பதினைந்து அடிகள் கொண்ட 99ஆம் சானெட்டை ஏற்றுக்கொண்டு ஐந்தடியாகத் தொடங்கும் அதன் முதற்பகுதியையும் முறையாகக் காட்டியது. பன்னிரண்டே அடிகளை இரண்டிரண்டாக இயைத்த 126ஆம் பாடலை மட்டும் ‘சானெட் அன்று’ என்று திருப்பி அனுப்பிவிட்டது. 1591இல் அச்சான, ஆங்கிலக் கவிஞர் பிலிப் சிட்னியின் காதற்கோவையின் முதற்பாடல் ஆறு சீர் அடிகளால் ஆனது, நம் கணக்கில் கழிநெடிலடி. ‘லவிங் இன் ட்ரூத்’ என்று அழுத்த அசையில் தொடங்கும் அதன் முதற்சீரைப் புரண்ட சீர் என்று கருவி சரியாக அடையாளம் கண்டது. ‘லவிங்’ என்பது இரண்டசைச் சொல் என்பதால் அகராதி கைகொடுத்திருக்கிறது. மற்றோர் ஆங்கிலக் கவிஞர் ஸ்பென்சரின் 1595ஆம் ஆண்டுத் தொகுப்பில், ஒரு நான்கடியின் இயைபை அடுத்த நான்கடிக்குக் கொக்கிபோட்டு இழுத்துச்செல்லும் சங்கிலி அமைப்பையும் நிறங்களால் அழகாகக் காட்டியது. கருவியின் மிகச் சிறந்த காட்சி அதுதான். கற்பிப்பவர்கள் அந்த ஒரு படத்துக்காகவே இதைத் திறந்து காட்டலாம். பெட்ரார்க்கின் இத்தாலிய மூலங்களுக்கு இது உதவாது, ஆங்கிலம் மட்டுமே.

இலவசப் பதிப்பில் முடிவைப் பார்க்க மட்டுமே முடியும். கட்டணப் பதிப்பில் எந்த அசையின் குறியையும் சொடுக்கி மாற்றலாம், மாற்றியதைச் சேமிக்கலாம், கருவியின் அலகிடலையும் நம்முடையதையும் மேலும் கீழுமாக அச்சிடலாம். அலகிடக் கற்பவருக்கு இந்த ஒரு வசதிக்காகக் கட்டணப் பதிப்பைப் பரிந்துரைப்பேன். வெறும் விடை தேடி வருபவருக்கு இலவசப் பதிப்பும் தீங்குதான். 116ஆம் சானெட்டின் முதலடியை நான் மூன்று விதமாகக் குறித்துச் சேமித்து, மூன்றையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். மூன்றாவதில் ‘மீ’ என்பதற்குக் கொடுத்திருந்த சாய்கோட்டை மறுநாள் நீக்கினேன். அதற்கடுத்த நாள் மீண்டும் போட்டேன்.

இயைபு எழுத்துகளை மட்டும் கட்டணப் பதிப்பிலும் கையால் மாற்ற முடியாது. மாற்ற வழி செய்யுமாறு கருவியை உருவாக்கியவர்களுக்கு எழுதினேன். இயைபு தானாகவே கணிக்கப்படுவதால் திருத்தம் தேவைப்படாது என்று இரண்டு நாளில் கனிவான பதில் வந்தது. அமைப்புப் பக்கத்தின் அடியில் இயைபு நிரலை மறைத்துவைக்கும் சிறு பொத்தான் ஒன்று இருக்கிறது. அதை அழுத்திவிட்டுத்தான் இப்போதெல்லாம் கவிதையை ஒட்டுகிறேன்.